கிருபையும் முன்குறித்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பை நடத்தத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. முன்குறித்தலை, அதாவது யார் இரட்சிக்கப்படுவார்கள் என்று தேவன் முன்பே நியமித்தார் என்பதைப் பேசும் எபேசியர் நிருபத்தின் முதல் அதிகாரத்தைத் தொட்டால் அன்றைக்கு வகுப்பு நேரத்துக்கு முடியாது. "அப்போ எல்லாம் முன்னாடியே எழுதி வெச்சதுதானா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். அப்படி வந்த கேள்விகளும் நான் சொல்லிவரும் பதில்களும் இங்கே. நான் இறையியல் கல்லூரியில் படித்தவன் அல்ல. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது போகப்போகத் தெரிந்துவிடும். வசனங்கள் வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து.

கிருபை என்றால் என்ன? கத்தோலிக்கர்கள் அருள் என்கிறார்களே, அது வேறா?

ஒன்றுதான். கிரேக்கத்தில் 'காரிஸ்'. நம் பழைய மொழிபெயர்ப்பு அதைக் கிருபை என்கிறது, பொது மொழிபெயர்ப்பு அருள் என்கிறது. இரட்சிப்பு அங்கே மீட்பு, விசுவாசம் அங்கே நம்பிக்கை. தகுதி பார்க்காமல் தேவன் காட்டும் தயவு என்பதுதான் பொருள்.

"கிருபையால நல்லா இருக்கோம்" என்று நாம் தினமும் சொல்கிறோம். உடம்பு, பிள்ளைகள், வேலை எல்லாம் அதில் அடங்கிவிடும். அப்போஸ்தலர் பவுல் சொல்வது இதைவிடக் கனமானது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்; இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" (எபேசியர் 2:8). கணக்கில் நம் பக்கம் வரவு எதுவும் இல்லை என்கிறார்.

மத்தேயு 20இல் இயேசு சொன்ன திராட்சத்தோட்டக் கதை எல்லாருக்கும் தெரியும். விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், பொழுது சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் ஒரு பணம். நாள் முழுக்க வெயிலில் நின்றவன் முணுமுணுக்கிறான். கூலி வேலை பார்த்த யாருக்கும் அவன் கோபம் நியாயமாகத்தான் படும். அந்த எரிச்சல் உங்களுக்கு வரவில்லை என்றால் கதை இன்னும் உங்களுக்குள் இறங்கவில்லை.

அப்படியானால் நல்லது செய்யவே வேண்டாமா?

இந்தக் கேள்வி பவுல் உயிரோடு இருக்கும்போதே வந்துவிட்டது. "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்று ரோமர் 6இல் அவரே அதை எடுத்துப் பதில் சொல்கிறார். எபேசியர் 2:8, 9 வசனங்களை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் பத்தாம் வசனத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அங்கே இருக்கிறது. கிரியைகள் பின்னால் வருகின்றன, வாசலில் நின்று சீட்டுக் கிழிப்பதில்லை.

'விலையில்லா' என்ற சொல்லை நம் ஊரில் மிக்சிக்கும் மின்விசிறிக்கும் வைத்துப் பழகிவிட்டோம். விலை கேட்காதது, விலை சொல்ல முடியாதது என்று அதற்கு இரண்டு பொருளும் உண்டு. ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1937இல் 'மலிவான கிருபை' என்று எச்சரித்தது, முதல் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவதைத்தான். அவர் 1945 ஏப்ரலில் நாஜிகளின் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

இந்த வாக்குவாதத்தை ஆரம்பித்தது யார்? கால்வினா?

இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் ஜெனீவாவில் சீர்திருத்தம் நடத்திய கால்வினுக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது சூடுபிடித்துவிட்டது. ஒரு பக்கம் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்துப் பேராயர் அகஸ்தீன் (354–430). அந்த ஊர் இன்று அல்ஜீரியாவில் அன்னாபா. இன்னொரு பக்கம் பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த பெலேஜியஸ்.

பெலேஜியஸை வில்லனாக நினைத்துப் பழகியிருக்கிறோம். ஆனால் அவர் ஒழுக்கமான ஆள். ரோமில் பெயருக்குக் கிறிஸ்தவர்களாக இருந்தவர்களின் வாழ்க்கையைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. அகஸ்தீன் தம் சுயசரிதையில், 'நீர் கட்டளையிடுவதைத் தாரும், பிறகு உமக்கு விருப்பமானதைக் கட்டளையிடும்' என்ற கருத்தில் ஜெபித்திருந்தார். ஒரு பேராயர் அதை எடுத்துச் சொன்னபோது பெலேஜியஸால் பொறுக்க முடியவில்லை. செய்ய முடியாததைத் தேவன் கட்டளையிடுவாரா? முடியும் என்பதால்தானே சொல்கிறார்? மனிதன் முயன்றால் பாவமில்லாமல் வாழலாம். இதுதான் அவருடைய பேச்சு. நம் ஊர் மேடைகளில் வாரந்தோறும் கேட்கிற அறிவுரையிலிருந்து இது அதிக தூரத்தில் இல்லை.

அகஸ்தீன் வேறு அனுபவத்திலிருந்து பேசினார். திருந்த வேண்டும் என்று பல வருடம் ஆசைப்பட்டும் திருந்த முடியாமல் கிடந்தவர் அவர். 386இல் மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் அழுதுகொண்டிருந்தபோதுதான் அவர் வாழ்க்கை திரும்பியது. பத்து வருடம் கழித்து, "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" (1 கொரிந்தியர் 4:7) என்ற வசனம் அவரைப் பிடித்துக்கொண்டது. நான் விசுவாசித்தேனே, அதுவாவது என்னுடையது இல்லையா? அதுவும் கொடுக்கப்பட்டதுதான் என்ற முடிவுக்கு வந்தார். அடுத்த கேள்வி தானாக வந்து நின்றது: அப்படியானால் ஏன் சிலருக்குக் கொடுக்கப்பட்டது, சிலருக்கு இல்லை? முன்குறித்தல் உபதேசம் பிறந்த இடம் இதுதான். தன் பழைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்த ஒருவர் 'நான் வரவில்லை, கொண்டுவரப்பட்டேன்' என்றார்.

418இல் கார்த்தேஜ் நகரத்தில் கூடிய பேராயர்கள் சங்கம் பெலேஜியஸின் போதனையைத் தள்ளியது. ஆனால் அகஸ்தீன் சொன்ன எல்லாவற்றையும் சபை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. 529இல் பிரான்சின் ஓரஞ்ச் நகரத்தில் கூடிய சங்கம், விசுவாசத்தின் தொடக்கம்கூடக் கிருபைதான் என்று அவர் பக்கம் நின்றது. தேவன் யாரையாவது தீமைக்கு முன்குறித்தார் என்ற எண்ணத்தை அதே சங்கம் கடுமையாக மறுத்தது.

கீழைத் திருச்சபைகள் இந்தப் பாதையில் வரவே இல்லை. தேவ கிருபையும் மனித விருப்பமும் சேர்ந்து உழைக்கின்றன என்பது அவர்கள் வழக்கு. 1672இல் எருசலேமில் கூடிய ஆர்த்தடாக்ஸ் சங்கம் கால்வினின் போதனையை வெளிப்படையாகவே நிராகரித்தது.

'தெரிந்துகொண்டார்' என்றால் தெரியவந்தது என்றுதானே அர்த்தம்?

இது தமிழில் மட்டும் வரும் குழப்பம். ஒவ்வொரு வருடமும் ஒரு இளைஞராவது கேட்கிறார். "உலகத்தோற்றத்துக்கு முன்னே கிறிஸ்துவுக்குள் நம்மைத் தெரிந்துகொண்டபடியே" (எபேசியர் 1:4). இன்றைய பேச்சில் தெரிந்துகொள்வது என்றால் அறிந்துகொள்வது. வேதத் தமிழில் தெரிந்தெடுப்பது. "நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்" (யோவான் 15:16) என்ற வசனத்தில் இன்றைய பொருளை வைத்துப் பாருங்கள், சீஷர்களுக்கு இயேசு யாரென்றே தெரியாது என்று ஆகிவிடும்.

ஆக மூன்று சொற்கள்: முன்னறிதல், தெரிந்துகொள்ளுதல், முன்குறித்தல். முதலாவது அறிவது, இரண்டாவது தேர்ந்தெடுப்பது, மூன்றாவது ஒரு முடிவுக்கென்று நியமிப்பது. ரோமர் 8:29, 30இல் முன்னறிதல், முன்குறித்தல், அழைத்தல், நீதிமானாக்குதல், மகிமைப்படுத்துதல் என்று சங்கிலியாக வருகிறது.

யார் விசுவாசிப்பார்கள் என்று முன்பே அறிந்து, அவர்களைத் தெரிந்துகொண்டார். அவ்வளவுதானே?

நம் சபைகளில் பெரும்பாலோர் மனதில் இருக்கும் பதில் இது. சரித்திரத்திலும் இதற்குப் பெரிய பரம்பரை உண்டு. நெதர்லாந்தின் ஆர்மீனியஸ், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி இருவரும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள். ரோமர் 8:29 'முன்னறிந்தாரோ' என்றுதான் ஆரம்பிக்கிறது என்பது அவர்களுக்குப் பலம்.

எதிர்ப்பக்கம் சொல்வது: அங்கே 'எதை' முன்னறிந்தார் என்று இல்லை, 'எவர்களை' என்று இருக்கிறது. வேதத்தில் ஒருவரை அறிவது என்றால் உறவு வைப்பது. தகவல் கிடைத்தது என்று அர்த்தமல்ல. அதோடு, ரோமர் 9இல் யாக்கோபும் ஏசாவும் பிறக்கும் முன்னே, நன்மை தீமை செய்யும் முன்னே தீர்மானம் நடந்தது என்று பவுல் அழுத்திச் சொல்கிறார். விசுவாசிப்பான் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார் என்றால், அந்த அழுத்தத்துக்கு அங்கே வேலை இல்லை. இந்த ஒரு இடத்தில் எனக்கு எதிர்ப்பக்கத்தின் வாதமே வலுவாகத் தெரிகிறது.

கால்வின் உண்மையில் என்ன சொன்னார்?

ஜான் கால்வின் (1509–1564) என்றாலே முன்குறித்தல் என்று ஆகிவிட்டது. அவருடைய பெரிய நூலான 'இன்ஸ்டிட்யூட்ஸ்' 1559 பதிப்பில் இந்த விஷயம் மூன்றாம் புத்தகத்தின் 21ஆம் அதிகாரத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தைய அதிகாரம் ஜெபத்தைப் பற்றியது. தேவனுடைய தன்மைகளைப் பேசும் முதல் புத்தகத்தில் இதை அவர் வைக்கவில்லை. கிருபை நமக்கு எப்படி வந்துசேருகிறது என்று பேசும் இடத்தில் வைத்திருக்கிறார். தொடங்கும்போதே, ஆர்வக்கோளாறில் இதற்குள் நுழைகிறவன் வெளியே வரத் தெரியாத சுற்றுப்பாதையில் மாட்டிக்கொள்வான் என்றும் எச்சரிக்கிறார்.

அதற்காக அவரை மென்மையாக்கிக் காட்டவும் கூடாது. சிலரை நித்திய ஜீவனுக்கும் மற்றவர்களை ஆக்கினைக்கும் தேவன் நியமித்தார் என்று இரண்டு பக்கமும் சொன்னவர் அவர். இதை 'இரட்டை முன்குறித்தல்' என்பார்கள். அந்தத் தீர்மானம் நடுங்கவைப்பது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். 1551இல் ஜெரோம் போல்செக் என்ற வைத்தியர், இப்படிச் சொன்னால் தேவன் கொடுங்கோலனாகி, பாவத்துக்கும் அவரே காரணராகிவிடுவார் என்று ஜெனீவாவில் எதிர்த்தார். பதில் வாதத்தோடு நிற்கவில்லை. அவரை நகரத்தை விட்டே வெளியேற்றினார்கள்.

ட்யூலிப் என்கிறார்களே, அது என்ன?

கால்வினியத்தின் ஐந்து கொள்கைகளுடைய ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் வரும் பூவின் பெயர். மனிதனின் முழுச் சீர்கேடு, நிபந்தனையற்ற தெரிந்துகொள்ளுதல், தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கான பிராயச்சித்தம், தடுக்கமுடியாத கிருபை, பரிசுத்தவான்களின் நிலைநிற்பு. மனப்பாடம் செய்ய வசதிதான். ஆனால் கால்வின் இப்படி ஒரு பட்டியல் எழுதவே இல்லை. இது அவர் இறந்து ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து நெதர்லாந்தில் நடந்த சண்டையில் உருவானது.

ஜேக்கப் ஆர்மீனியஸ் (1560–1609) ஜெனீவாவில் கால்வினின் வாரிசான பீசாவிடமே படித்தவர். பிறகு லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். நிபந்தனையற்ற தெரிந்துகொள்ளுதலை அவரால் ஏற்க முடியவில்லை. ஆனால் அவரைப் பெலேஜியஸோடு சேர்ப்பது அநியாயம். கிருபை முந்திக்கொண்டு வந்து உதவாவிட்டால் மனிதனால் விசுவாசிக்கவே முடியாது என்றுதான் அவரும் சொன்னார். அந்தக் கிருபையை மனிதன் மறுக்க முடியும் என்பதுதான் வித்தியாசம். அவர் இறந்த மறுவருடம், 1610இல், அவருடைய ஆதரவாளர்கள் ஐந்து அம்சங்களை எழுதி அரசிடம் மனுக் கொடுத்தார்கள். ஐந்து என்ற எண்ணிக்கை எதிராளிகள் தொடங்கியது!

பதில் சொல்ல 1618 நவம்பரில் டோர்ட் நகரத்தில் சங்கம் கூடியது. இங்கிலாந்து, ஜெனீவா, ஜெர்மானியப் பகுதிகளிலிருந்தெல்லாம் பிரதிநிதிகள் வந்தார்கள். 1619 மே வரை நடந்தது. ஆர்மீனியரின் ஐந்து அம்சங்களும் தள்ளப்பட்டன, சுமார் இருநூறு போதகர்கள் பதவி இழந்தார்கள். இதில் அரசியலும் பின்னிக்கிடந்தது. அவர்களுக்கு ஆதரவாக இருந்த மூத்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னெவெல்ட், இளவரசர் மாரிஸின் பகையைச் சம்பாதித்திருந்தார். 71 வயதில், 1619 மே 13 அன்று ஹேக் நகரத்தில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸுக்கு ஆயுள் சிறை. இரண்டு வருடம் கழித்துப் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பித்தார். அந்தப் பூவை இன்றைக்குச் சட்டையில் குத்திக்கொள்கிறவர்கள் இந்தக் கதையையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இது நம் தலையெழுத்து, விதி போலத்தானே?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் வினைக்கோட்பாட்டில், செய்ததற்கு ஏற்பப் பலன் வருகிறது. கிருபை என்ற சொல்லே அந்தக் கணக்கை உடைக்க வந்தது: செய்ததற்கு ஏற்ப வரவில்லை என்பதுதான் அதன் செய்தி. தலையெழுத்து என்கிறபோது யாரோடும் உறவு இல்லை, எழுத்துதான் உண்டு. பவுலின் பேச்சில் அழைக்கிறவர் ஒருவர் இருக்கிறார், இழுக்கிறார், பிள்ளை என்கிறார்.

இன்னொன்று, சாவு வீட்டில், விபத்தில், "எல்லாம் முன்குறிச்சதுதான்" என்று ஆறுதல் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ரோமர் 8இல் முன்குறித்தல் என்பது தேவகுமாரனின் சாயலுக்கு ஒப்பாவதைப் பற்றியது. பஸ் கவிழ்ந்ததைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. உலக நடப்பைத் தேவன் எப்படி ஆளுகிறார் என்பது பராமரிப்பு என்ற தனி உபதேசம். கண்டிப்பான கால்வினிய ஆவணமான 1646ஆம் வருட வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கைகூட, தேவன் நடப்பவற்றை எல்லாம் நியமித்தார் என்று சொன்ன அதே மூச்சில், அவர் பாவத்துக்குக் காரணர் அல்ல, மனிதரின் விருப்பம் பலவந்தப்படுத்தப்படுவதும் இல்லை என்று சேர்த்துச் சொல்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்று அது விளக்குவதில்லை.

"யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்" என்றால் தேவன் அநியாயக்காரர் அல்லவா?

பவுலே அடுத்த வரியில் இந்தக் கேள்வியைக் கேட்கிறார். ஆகவே கேட்பது தவறில்லை. அவர் மேற்கோள் காட்டும் மல்கியாவில் ஏசா என்பது ஏதோம் தேசம். ரோமர் 9 முதல் 11 வரை இஸ்ரவேலுக்கு என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். அதனால் இது தனிமனிதரின் நித்தியத்தைப் பற்றியதே அல்ல, ஜனங்களின் பங்கைப் பற்றியது என்று பலர் வாசிக்கிறார்கள். அதில் நிறைய உண்மை இருக்கிறது. முழுவதும் அப்படியே தள்ளிவிடவும் முடியாது, குயவனும் பாத்திரமும் வரும்போது தனிமனிதனும் உள்ளே வந்துவிடுகிறான்.

பார்வோன் கதையையும் முழுதாக வாசிக்க வேண்டும். யாத்திராகமத்தில் அவன் தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான் என்றும் வருகிறது, கர்த்தர் கடினப்படுத்தினார் என்றும் வருகிறது. ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்கிறவர்கள்தான் பிரச்சினை.

லூத்தரும் இதையே சொன்னாரா?

பெருமளவு. டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1524இல் மனிதச் சித்தத்தின் சுதந்திரத்தை ஆதரித்து எழுத, 1525இல் ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தர் 'அடிமைப்பட்ட சித்தம்' என்று பதில் எழுதினார். தம் புத்தகங்களில் தேறுவது இதுவும் ஞானோபதேசமும்தான் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அவருக்குப் பின்வந்த லூத்தரன் சபை 1577இல் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டது: இரட்சிப்புக்குத் தெரிந்துகொள்ளுதல் உண்டு, கெட்டுப்போகிறவன் தன் குற்றத்தால் கெட்டுப்போகிறான். தர்க்கப்படி இது இடிக்கிறது. அவர்களுக்கும் தெரியும். வேதம் நிறுத்திய இடத்தில் நாங்களும் நிறுத்துகிறோம் என்பார்கள்.

கத்தோலிக்கர்கள் கிரியையால் இரட்சிப்பு என்கிறார்கள், இல்லையா?

நம்மவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் தவறு இது. 1547 ஜனவரியில் கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரெண்ட் சங்கம் வெளியிட்ட தீர்ப்புகளில் முதலாவதே, கிருபை இல்லாமல் சொந்தக் கிரியையால் நீதிமானாகலாம் என்கிறவனைச் சபிக்கிறது. சண்டை வேறிடத்தில் இருந்தது: நீதிமானாக்குதல் ஒரு தீர்ப்பா, உள்ளே நடக்கும் மாற்றமா, அதில் மனித ஒத்துழைப்புக்கு என்ன இடம்?

அவர்களுக்குள்ளேயே இதே வழக்கு வந்தது. 1588இல் லூயிஸ் டி மோலினா என்ற இயேசு சபைக் குரு எழுதிய நூலை டொமினிக்கன் குருக்கள் எதிர்த்தார்கள். டொமினிக்கன்கள் இயேசு சபையாரைப் பெலேஜியர் என்றார்கள், இயேசு சபையார் டொமினிக்கன்களைக் கால்வினியர் என்றார்கள். வருடக்கணக்கில் விசாரித்து, 1607இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல் ஒரு தீர்ப்பும் சொல்லாமல், ஒருவரை ஒருவர் வேதப்புரட்டர் என்று சொல்லக் கூடாது என்று அனுப்பிவைத்தார். இந்த உபதேசத்தின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் வத்திக்கானும் நீதிமானாக்குதல் பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மெதடிஸ்ட்கள் 2006இலும், சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு 2017இலும் சேர்ந்துகொண்டன.

வெஸ்லியும் விட்ஃபீல்டும் இதனால்தான் பிரிந்தார்களா?

ஆமாம். 1739இல் ஜான் வெஸ்லி முன்குறித்தலைத் தாக்கி ஒரு பிரசங்கம் செய்து அச்சிட்டார். அச்சிடலாமா வேண்டாமா என்று அவர் சீட்டுப் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுத்தார். முன்குறித்தலை எதிர்க்கச் சீட்டுப் போடுவதா என்று நாம் சிரிக்கலாம். புத்தாண்டு இரவில் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்பவர்கள் கொஞ்சம் மெதுவாகச் சிரிக்கவும். கால்வினியரான அவருடைய நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டு 1740 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தேதியிட்டுப் பதில் கடிதம் எழுதினார், சீட்டு விஷயத்தையும் அதில் போட்டுடைத்தார். மெதடிஸ்ட் இயக்கம் இரண்டாகியது. ஆனாலும் 1770இல் விட்ஃபீல்டு அமெரிக்காவில் இறந்தபோது, லண்டனில் அவருக்கு நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி.

எல்லாம் முடிவாகிவிட்டதென்றால் சுவிசேஷம் எதற்கு, ஜெபம் எதற்கு?

கொரிந்துவில் பவுல் பயந்திருந்தபோது கர்த்தர், "இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு" என்கிறார் (அப்போஸ்தலர் 18:10). அதைக் கேட்டு, சரி, அப்படியானால் நான் போகத் தேவையில்லை என்று பவுல் கிளம்பிவிடவில்லை. ஒன்றரை வருடம் அங்கேயே தங்கிப் பிரசங்கித்தார்.

ஆனால் உபதேசம் சோம்பலுக்குச் சாக்கான காலமும் உண்டு. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சில கால்வினிய பாப்டிஸ்ட் போதகர்கள், தெரிந்துகொள்ளப்படாதவனை மனந்திரும்பு என்று அழைப்பதே தவறு என்றார்கள். ஆண்ட்ரூ ஃபுல்லர் என்ற இன்னொரு கால்வினியப் போதகர் 1785இல் அதற்கு எதிராக எழுதினார். அவருடைய நண்பர் வில்லியம் கேரி 1793இல் வங்காளத்துக்குக் கப்பலேறினார். 'தேவன் புறஜாதியாரை மாற்ற விரும்பினால் உன் உதவி வேண்டாம், உட்கார்' என்று ஒரு மூத்த போதகர் கேரியை அடக்கியதாக ஒரு கதை நம் மிஷனரிக் கூட்டங்களில் தவறாமல் வரும். அந்தப் போதகரின் மகனே அதை நம்பவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்.

ஜெபத்தைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனியுங்கள். மகன் மனந்திரும்ப வேண்டும் என்று ஜெபிக்கும் எந்தத் தாயும், 'ஆண்டவரே, அவன் சுயாதீனத்தில் தலையிடாதேயும்' என்று ஜெபிப்பதில்லை. முழங்காலில் நிற்கும்போது எல்லாரும் அகஸ்தீன் பக்கம்தான்.

நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்கு மிகவும் பயமான கேள்வி இது. கேட்கிறவர் வாதத்துக்காகக் கேட்கிறாரா, இரவு தூக்கம் வராமல் கேட்கிறாரா என்று முதலில் பார்க்கிறேன்.

1773 புத்தாண்டு நாளில் இங்கிலாந்தின் ஓல்னி என்ற சின்ன ஊரில், முன்பு அடிமைக் கப்பல் தலைவராக இருந்த ஜான் நியூட்டன் தம் சபைக்கு ஒரு பாட்டை அறிமுகப்படுத்தினார். ஆச்சரியமான கிருபை என்று உலகமே இன்று பாடும் பாட்டு. அதே ஊரில் அவருடைய நெருங்கிய நண்பர் கவிஞர் வில்லியம் கூப்பர். இருவரும் கால்வினியர்கள், சேர்ந்து பாடல்கள் எழுதியவர்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் கூப்பரின் மனம் உடைந்தது. தான் மீளமுடியாதபடி கைவிடப்பட்டதாக ஒரு கனவு கண்டார். அதன் பிறகு 1800இல் இறக்கும்வரை கோயிலுக்குப் போகவில்லை. அவர் எழுதிய பாட்டுகளை மற்றவர்கள் பாடினார்கள், அவை தனக்கில்லை என்று அவர் நம்பினார்.

கூப்பருக்கு மனநோய் இந்த உபதேசத்தைக் கேட்பதற்கு முன்பே இருந்தது. 1763இலேயே தற்கொலைக்கு முயன்றவர். உபதேசம் நோயைக் கொடுக்கவில்லை. நோய் பேசுவதற்கு ஒரு மொழியைக் கொடுத்தது. ஆகவே இப்படி நடுங்குகிறவர் வந்தால் நான் ரோமர் 9ஐத் திறப்பதில்லை. கூட உட்கார்ந்திருப்பேன், மருத்துவரிடமும் அழைத்துப்போவேன்.

வாதத்துக்காகக் கேட்பவருக்குக் கால்வினின் பதிலே இருக்கிறது: தெரிந்துகொள்ளுதலைப் பார்க்கும் கண்ணாடி கிறிஸ்து, உன்னையே பார்த்துக்கொண்டிருக்காதே. அவருக்குப் பின்வந்த சிலர் அடையாளங்களைத் தேடத் தொடங்கினார்கள்: ஒழுக்கம், உழைப்பு, தொழிலில் முன்னேற்றம். அந்தத் தவிப்புக்கும் முதலாளித்துவ மனப்பான்மைக்கும் தொடர்பு உண்டு என்று 1904–05இல் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் எழுதியது அங்கிருந்துதான். அவர் முடிவைப் பற்றி இன்றும் சண்டை நடக்கிறது.

பெற்ற இரட்சிப்பை இழக்க முடியுமா?

டோர்ட் சங்கம்: முடியாது. வெஸ்லி: முடியும். எபிரெயர் 6:4–6 ஒரு பக்கம், யோவான் 10:28 இன்னொரு பக்கம். நடைமுறையில் இரண்டு தரப்பும் பின்வாங்கினவரிடம் போய்ச் சொல்வது ஒன்றுதான்: திரும்பி வா.

குழந்தையிலேயே இறந்தவர்கள்? சுவிசேஷமே கேட்காதவர்கள்?

கடுமைக்குப் பேர்போன டோர்ட் சங்கம், சிறுவயதில் பிள்ளையை இழந்த தேவபக்தியுள்ள பெற்றோர் அந்தப் பிள்ளையின் தெரிந்துகொள்ளுதலைச் சந்தேகிக்கக் கூடாது என்று தனியாக ஒரு பத்தி எழுதிவைத்தது. குழந்தைகளைப் புதைத்துப் பழகிய காலத்து மனிதர்கள் அவர்கள். வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை 'தெரிந்துகொள்ளப்பட்ட குழந்தைகள்' என்று அளந்து பேசுகிறது. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கு நம்பிக்கை உண்டு என்று வத்திக்கானின் இறையியல் குழு 2007இல் எழுதியது. கேட்காதவர்களைப் பற்றி, தங்கள் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாதவர்களும் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் சொன்னது. நம் சபைகளில் இதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் உண்டு. "எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவும்" அவர் சித்தமாயிருக்கிறார் (1 தீமோத்தேயு 2:4) என்பதைத் தாண்டி நான் எதுவும் சொல்வதில்லை.

பூனைக்குட்டி, குரங்குக்குட்டி உவமை இதற்குப் பொருந்துமா?

ஸ்ரீவைஷ்ணவத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வளர்ந்த விவாதம் அது. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும், அது வடகலை. பூனைக்குட்டியைத் தாயே வாயில் கவ்விக்கொண்டு போகும், அது தென்கலை. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் இந்தியாவின் அருள்நெறியைக் கிறிஸ்தவத்தோடு ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். நம் வகுப்பில் நான் பக்கம் பக்கமாகப் பேசியும் புரியாதது இந்த இரண்டு குட்டிகளைச் சொன்னதும் புரிந்துவிடுகிறது. ஆனால் அங்கே பிறவிச் சுழலும் வினையும் பின்னணி, இங்கே சிலுவை. பூனை ஏன் சில குட்டிகளை விட்டுவிட்டுப் போகிறது என்ற கால்வினின் கேள்வியும் உவமைக்குள் இல்லை.

எங்கள் சபை எந்தப் பக்கம்?

தரங்கம்பாடி வழிவந்த லூத்தரன் சபையானால் மேலே சொன்ன 1577 நிலைப்பாடு. மெதடிஸ்ட் என்றால் வெஸ்லி. பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் ஆர்மீனியஸ் பக்கம், அந்தப் பெயரைக் கேள்விப்படாமலேயே. தென்னிந்தியத் திருச்சபை என்றால் கதை சுவாரசியமானது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் பரம்பரைகள் ஒன்றானபோது, விட்ஃபீல்டின் பேரப்பிள்ளைகளும் வெஸ்லியின் பேரப்பிள்ளைகளும் ஒரே திருவிருந்து மேசைக்கு வந்தார்கள். முன்குறித்தலைத் தீர்த்துவிட்டு ஒன்றாகவில்லை. அதைத் தீர்க்க வேண்டியதில்லை என்று ஒன்றானார்கள். ஆங்கிலிக்கன் பக்கம் வந்த 39 பிரமாணங்களில் 17ஆவது, இந்த உபதேசம் தேவபக்தியுள்ளவர்களுக்குச் சொல்லமுடியாத ஆறுதல், வெறும் ஆர்வத்தில் நோண்டுகிறவர்களுக்கு ஆபத்தான பள்ளம் என்கிறது.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

ரோமர் 9ஐ மட்டும் தனியாக எடுக்காதீர்கள். 8ஆம் அதிகாரத்தில் தொடங்கி 11 முடியும்வரை ஒரே மூச்சில், முடிந்தால் சத்தமாக, வாசியுங்கள். அரைமணி நேரம்கூட ஆகாது. பிறகு பிலிப்பியர் 2:12, 13. பிரயாசப்படுங்கள் என்று ஒரு வசனம், விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்று அடுத்த வசனம். நடுவில் பவுல் போட்டிருக்கும் சொல் 'ஏனெனில்'. அடுத்த மாத வகுப்பில் அந்த ஒரு சொல்லை எடுக்கலாம் என்றிருக்கிறேன்.